கீழே அனுப்பும் சீட்டில் ஐந்து கட்டங்கள்

பெறுநர்: நீலகிரி மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள்; மலையில் வென்டிலேட்டர் வைத்து நடத்தும் அரசு, தனியார் மருத்துவமனை நிர்வாகிகள்; நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்கள்.

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். கோயம்புத்தூரில் 13 வருஷம், அப்புறம் மலையில் 15 வருஷம். பெரும்பாலும் ஐ.சி.யூ.வில்தான் டியூட்டி. இப்போது கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். யார் மேலும் புகார் எழுத உட்காரவில்லை. எழுதினால் முதல் பெயராக என் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

கேட்பது சின்ன விஷயம். மலையிலிருந்து ஒரு நோயாளியைக் கீழே சமவெளி மருத்துவமனைக்கு அனுப்பும்போது ரெஃபரல் சீட்டு எழுதுகிறோம். பெயர், வயது, என்ன நோய், பிரஷர், பல்ஸ், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற அளவு), கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருக்கும். நோயாளிக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்தால் ‘வென்டிலேட்டரில் உள்ளார்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த வரிக்குக் கீழே ஐந்து கட்டங்கள் போட்டுத் தாருங்கள்: உயரம், டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்கு மெஷின் தள்ளும் காற்று), பிளாட்டோ பிரஷர், பீப், கஃப் பிரஷர். கடைசி மூன்றும் என்ன என்று பின்னால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கட்டம் என்று ஒன்று இருந்தால் யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரப்ப வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அந்த அளத்தலுக்காகத்தான் இந்த மடல்.

2016 நவம்பர். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 44 வயது. எட்டு நாளாகக் காய்ச்சல். ஜாக்கெட்டுக்குக் கீழே இடுப்பு மடிப்பில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. புதரில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்பது அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. ஆனால் நுரையீரல் அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பனி இறங்கிய மாதிரி வெள்ளை. ராத்திரி டியூப் போட்டார்கள்.

மெஷினை செட் பண்ணியது நான். “வழக்கமா வைக்கிறத வைங்க சிஸ்டர்” என்றார் டியூட்டி டாக்டர். வழக்கம் என்றால் 500. ஒரு மூச்சுக்கு 500 மி.லி., நிமிஷத்துக்கு 16 மூச்சு, பீப் 5, ஆக்சிஜன் நூறு சதவீதம். அந்த வார்டில் ஆறடி ஆளுக்கும் 500தான், நாலே முக்கால் அடி அக்காவுக்கும் 500தான். 500 எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் வைத்தார், நானும் வைத்தேன்.

விடிந்ததும் கீழே அனுப்ப முடிவானது. ஆம்புலன்ஸில் கூடப் போனதும் நான்தான். கோத்தகிரி மலைப்பாதையில் அரவேணு தாண்டும்வரை ஒன்றுமில்லை. குஞ்சப்பனை நெருங்கும்போது தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். மெஷினில் வால்யூம் குறைகிறது என்று அலாரம். உள்ளே போன காற்றில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. டியூப் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். மெஷினைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை மாட்டி அழுத்த ஆரம்பித்தேன். இரண்டு கையாலும். வேகமாக. பெரியவர்களுக்கான அந்தப் பை சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இரண்டு கையால் பிழிந்தால் எவ்வளவு காற்று போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். பயத்தில் இருக்கும் ஆள் நிமிஷத்துக்கு 30, 40 தடவை பிழிவார். நானும் அப்படித்தான் பிழிந்திருப்பேன். மேட்டுப்பாளையம் வரும்போது பை கல் மாதிரி ஆகிவிட்டது. கையை எதிர்த்துத் தள்ளியது. சாச்சுரேஷன் எழுபதுக்குக் கீழே.

கீழே மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் ஒரு சின்ன வயது டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் சத்தமே இல்லை. நுரையீரல் கிழிந்து காற்று வெளியே நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. உடனே குழாய் போட்டார்கள். உஸ்ஸென்று காற்று வந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது, விடுங்கள்.

எல்லாம் கொஞ்சம் அடங்கியதும் அவர் கேட்டார்: “இவங்க உயரம் என்ன சிஸ்டர்?”

“62 கிலோ சார்.”

“எடை இல்ல சிஸ்டர். உயரம்.”

தெரியாது. சீட்டிலும் இல்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து தையல்காரர் வைத்திருப்பாரே, அந்த மஞ்சள் டேப்பை எடுத்து, படுக்கையோரமாக உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை பிடித்தார். 145 செ.மீ. கையிலேயே கணக்குப் போட்டார். உயரத்தில் 152.4-ஐக் கழித்து, வருவதை 0.91-ஆல் பெருக்கி, பெண் என்றால் 45.5-உடன் கூட்ட வேண்டும், ஆண் என்றால் 50-உடன். அக்காவின் உயரம் 152.4-க்கும் குறைவு என்பதால் கழிந்து வந்தது 38.8 கிலோ. அந்த அக்காவின் நுரையீரலுக்கான எடை அதுதான். கிலோவுக்கு 6 மி.லி. வைத்தால் ஒரு மூச்சுக்கு 233. நான் வைத்தது 500. கிலோவுக்கு ஏறக்குறைய 13.

மனுஷருக்கு வயிறு பெருக்கும், இடுப்பு பெருக்கும். நுரையீரல் பெருக்காது. அது உயரத்தோடு நின்றுவிடும். இதை 28 வருஷ சர்வீஸில் பாதி முடிந்தபின் ஒரு தையல் டேப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

6 என்ற கணக்கு யாரோ சும்மா சொன்னது இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் இப்படி வீங்கிக் கெட்டுப்போன 861 நோயாளிகள். பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 12 மி.லி., மீதிப் பேருக்கு 6. உயரத்தை வைத்துப் போட்ட கிலோ. பெரிய மூச்சு வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். சின்ன மூச்சு வாங்கியவர்களில் 31 சதவீதம். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. குமிழைத் திருகிக் குறைத்ததில் நூற்றுக்கு ஒன்பது உயிர். நான் வைத்தது, தோற்றுப்போன பக்கத்தையும் தாண்டிய அளவு.

அந்த அக்கா ஆறாம் நாள் இறந்துவிட்டார். 500தான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோய்க்கே அவ்வளவு பலம் உண்டு. ஆனால் 500 அவருக்கு உதவவில்லை. என் இரண்டு கையும் உதவவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் இலை வாங்கும் ஃபாக்டரி ஒன்றில், இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். பல மாதம் கழித்து பஸ்ஸ்டாண்டில் பார்த்தபோது, என்னதான் ஆச்சு சிஸ்டர் என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. நுரையீரலில் பாதிக்கு மேல் நீர் கோத்து மூடிக்கிடந்தது, மிச்சம் திறந்திருந்த கொஞ்ச இடத்துக்குள் நாங்கள் முழு நுரையீரலுக்கான காற்றைத் தள்ளிவிட்டோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: “எங்க இலை வாட்டுற தொட்டியிலயும் அதே கதைதான் சிஸ்டர். இலை ஒரு பக்கம் கட்டியா கெடந்தா அடியில இருந்து ஃபேன் காத்து அந்தப் பக்கம் போகாது. லேசா கெடக்குற பக்கமா போயி அந்த இலையைக் கருக்கிடும். ஃபேனைக் கூட்டுனா இன்னும் கருகும்.”

இத்தாலியில் கட்டினோனி என்ற டாக்டர், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1980-களில் சொன்னதும் இதுதான். பெரியவரின் நெஞ்சுக்குள் காற்று போய்வருகிற பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்றார். நான் படித்துப் புரிந்துகொண்டதைவிட ஃபாக்டரி அண்ணா சொன்னது சீக்கிரம் புரிந்தது.

அடுத்த கட்டம் பிளாட்டோ. இது மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இதில்தான். மெஷின் திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பீக் பிரஷர். காற்று ஓடும்போது குழாயில் படும் உரசலும் சேர்ந்த அழுத்தம் அது. சளி அடைத்தாலும், நோயாளி டியூபைக் கடித்தாலும், மூச்சுக்குழல் இறுகினாலும் பீக் ஏறும். அதைப் பார்த்து நுரையீரலின் கதி என்ன என்று சொல்ல முடியாது. மூச்சு உள்ளே போய் முடிந்த இடத்தில் அரை நொடி காற்றை அப்படியே நிறுத்தினால், ஓட்டம் நின்று, நுரையீரலின் சின்னஞ்சிறு காற்றுப்பைகள் தாங்கும் அழுத்தம் மட்டும் மிஞ்சும். அதுதான் பிளாட்டோ. அது தானாகத் திரையில் வராது. ஹோல்டு என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்த வேண்டும். நான் 15 வருஷம் மெஷினைத் துடைத்திருக்கிறேன், அந்தப் பட்டனையும் சேர்த்துத்தான் துடைத்தேன். அழுத்தியது கிடையாது. ஒன்று மட்டும்: நோயாளி தானாக இழுத்துக்கொண்டோ இருமிக்கொண்டோ இருந்தால் அந்த எண் பொய் சொல்லும். அமைதியாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இருக்கலாம்? 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள். 30 செ.மீ. என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒரு அடி ஸ்கேல். ஒரு குழாயில் அந்த ஸ்கேல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அவ்வளவுதான் நுரையீரலுக்கு மேல்வரம்பு. நாம் வீட்டில் பலூன் ஊதும்போதே அதைத் தாண்டிவிடுவோம். மலை என்பதால் இந்த 30 மாறாது. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் மெஷின் அளக்கிறது. ஊட்டியிலும் 30 என்றால் 30தான், சென்னையிலும் 30தான்.

பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் வருவது, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் எவ்வளவு இழுபடுகிறது என்ற கணக்கு. அதை 15-க்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது 2015-ல் பிரேசில் மருத்துவர் அமாட்டோவும் மற்றவர்களும், பழைய ஆய்வுகளில் இருந்த 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சொன்னது. அந்த அக்காவுக்கு, கீழே போய் முதல் தடவை ஹோல்டு போட்டுப் பார்த்தபோது பிளாட்டோ 39. பீப் 5. வித்தியாசம் 34. மூச்சை 240-ஆகக் குறைத்து பீப்பை 12-ஆக ஏற்றி மறுபடி பார்த்தார்கள்: பிளாட்டோ 26, வித்தியாசம் 14. என் கண் முன்னால், அரை மணி நேரத்துக்குள்.

பீப் என்பது மூச்சு வெளியே போன பின்னும் உள்ளே மிச்சம் விடும் அழுத்தம். காற்றுப்பைகள் முழுக்க மூடி மூடித் திறப்பதும் ஒரு காயம்தான். அது நேராமல் காக்கிறது. 1974-லேயே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள்: 45 செ.மீ. அழுத்தத்தில் பீப் இல்லாமல் மூச்சு கொடுத்த எலிகளின் நுரையீரல் ஒரு மணி நேரத்துக்குள் நீரால் நிறைந்துவிட்டது. அதே 45-தான், ஆனால் 10 பீப் வைத்த எலிகள் பெரிய சேதமில்லாமல் தப்பின. அதற்காக நுரையீரலைத் திறக்கிறேன் பேர்வழி என்று பீப்பை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. 2017-ல் பிரேசில் மருத்துவர்கள் தலைமையில் அப்படி முரட்டுத்தனமாகத் திறந்து பார்த்த பெரிய ஆய்வில் இறப்பு கூடியதே தவிர குறையவில்லை.

மூச்சைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டலாம், 35 வரை. அதற்கு மேலும் கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் பொறுக்கக் கூடாது. அங்கே கணக்கு வேறு. ஆஸ்துமாக்காரர், வருஷக்கணக்காக விறகடுப்புப் புகையைச் சுவாசித்த பாட்டிமார், இவர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டினால் முந்தின மூச்சு வெளியே போவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். உள்ளே காற்று சேர்ந்து சேர்ந்து ரத்த அழுத்தம் விழும். அப்படி விழுந்தால் ஊசி தேடுவதற்கு முன்னால் ஒரு சில நொடி டியூபிலிருந்து மெஷினை மட்டும் கழற்றிவிட்டு, காற்று வெளியே போகிறதா என்று பாருங்கள்.

இனி நம் மலைக்கே உரிய விஷயம்: கஃப்.

டியூபின் நுனியில் மூச்சுக்குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன பலூன்தான் கஃப். மெஷின் தரும் காற்று பக்கவாட்டில் கசியாமலும், எச்சில் கீழே இறங்காமலும் அடைத்துக்கொள்வது அதன் வேலை. அதற்குள் 20 முதல் 30 செ.மீ. அழுத்தம் இருக்க வேண்டும். 20-க்குக் குறைந்தால் கசியும், 30-க்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். நாம் என்ன செய்கிறோம்? வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து “சரியா இருக்கு” என்கிறோம். விரலுக்கு 25-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்ததில்லை, தெரியும் என்று சொன்ன யாரையும் நான் நம்பியதும் இல்லை.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நம் மாவட்டத்தில் தடை வருவதற்கு முன்னால் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் குடித்துவிட்டு மூடிவைத்த காலி பாட்டில் மலையடிவாரத்தில் கல்லாறு வரும்போது நசுங்கிப்போயிருக்கும். அந்தக் கஃப்பும் ஒரு பாட்டில்தான். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330. இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, அடைபட்ட காற்று ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. கோத்தகிரியிலிருந்து என்றால் ஆறில் ஒரு பங்கு. 6 மி.லி. காற்று அடைத்த கஃப்பில் 5 மி.லி.தான் மிஞ்சும். மூச்சுக்குழாய்ச் சுவரை விட்டு அது விலக அது போதும். குஞ்சப்பனையில் நான் கேட்ட களகள சத்தம் அதுதான். டியூப் வெளியே வரவில்லை. ஒரு சிரிஞ்சில் ஒரு மி.லி. காற்று ஏற்றியிருந்தால் முடிந்திருக்கும். நான் பையைப் பிழிந்தேன்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில் இருக்கும் கூடலூரிலிருந்து முதலில் நடுவட்டம், பைக்காரா வழியாக மேலே ஏற வேண்டும், அப்புறம் ஊட்டி தாண்டிக் கீழே இறங்க வேண்டும். ஏறும்போது அடைபட்ட காற்று ஏழில் ஒரு பங்கு உப்பும். கூடலூரில் சரியாக 25 வைத்து அனுப்பிய கஃப், பைக்காராவில் 30-ஐத் தாண்டி நிற்கும். அதைக் குறைத்து ஊட்டியில் சரிசெய்தால், குன்னூர் தாண்டி இறங்கும் வழியில் பர்லியாரில் தளர்ந்துபோகும். ஆக இரண்டு இடத்தில் அளக்க வேண்டும், ஒரு இடத்தில் இல்லை. இன்னொன்று, இது உயிர்ப் பிரச்சினை: நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்து நிற்கும் நோயாளிக்குக் குழாய் போடாமல் நடுவட்டம் ஏற்றாதீர்கள். கஃப் உப்புவது போலத்தான் அந்தக் காற்றும் உப்பும்; அங்கே சிரிஞ்சு வைத்து எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குன்னூர் பாதையில் மட்டும் 14. ஒவ்வொரு வளைவிலும் நோயாளியின் தலை ஆடும். முகவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்தால் டியூபின் நுனி உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே ஏறும். இறங்கி வலது பக்கக் கிளைக்குள் போய்விட்டால் மொத்தக் காற்றும் ஒரே நுரையீரலுக்கு. தலைக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, உதட்டோரம் டியூபில் எந்த எண் நிற்கிறது என்று கிளம்பும் முன் பார்த்து வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் ஆக்சிஜன். ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான். மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட இதே உயரம். இங்கே நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே சாச்சுரேஷன் 95-ஐ ஒட்டித்தான் இருக்கும். கீழேயிருந்து புதிதாக வரும் டாக்டர்கள் சிலர் 92-ஐப் பார்த்ததும் பதறி அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டுங்கள், சரி. 99 வர வேண்டும் என்பதற்காக நுரையீரலை ஊதாதீர்கள். கெட்ட நுரையீரலுக்கு 88 முதல் 95 வரை போதும் என்பது அந்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில் பின்பற்றிய அளவு. நுரையீரல் இப்படி வீங்கிக் கெட்டுப்போகும் நோயை (ஏ.ஆர்.டி.எஸ். என்பார்கள்) எப்படித் தரம் பிரிப்பது என்று 2012-ல் பெர்லினில் வகுத்த வரையறையும், ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் உயரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்றும் அதில் வரும். மெஷின்களிலும் சில தாமாகவே உயரத்தைக் கணக்கில் எடுக்கும், சிலவற்றில் நாம் கொடுக்க வேண்டும். உங்கள் மெஷின் எந்த வகை என்று கம்பெனி எஞ்சினியர் அடுத்த முறை வரும்போது ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் குவிந்தபோது, இப்ஸன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை ஷிஃப்ட் போட்டுக் கையால் பையை அழுத்த வைத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இரவு பகலாக. நுரையீரல் இறுகுகிறதா, சளி சேர்ந்திருக்கிறதா என்பது கைக்கே தெரிந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் என் கைக்கும் தெரியத்தான் செய்தது. பை கல்லாகிவிட்டது என்று கை சொன்னது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியாததால் இன்னும் பலமாக அழுத்தினேன்.

கொரோனாவுக்குப் பிறகு மலையில் மெஷின் பஞ்சம் முன்னைப்போல இல்லை. 2022-லிருந்து ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் கனவுகூடக் கண்டதில்லை. ஆனாலும் எல்லாரையும் இங்கேயே வைத்துப் பார்த்துவிட முடியாது, கீழே அனுப்புவது நிற்கப்போவதில்லை. அதனால்தான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது சிஸ்டர் என்று கேட்கும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு படுக்கைக்கு ஒரு ஸ்டாஃப் நின்று ஓடிய ராத்திரிகள் எனக்கும் உண்டு. உயரம் ஒரு தடவை அளந்தால் போதும், ஒரு நிமிஷம். கூன் விழுந்தவர்கள், கால் மடங்கியவர்கள் என்றால் இரண்டு கையையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனிவரை பிடித்துக்கொள்ளலாம், ஏறக்குறைய அதுதான் உயரம். பட்டனை அழுத்தி எண்ணைப் பார்க்க ஐந்து நொடி. கஃப் மீட்டர் வைத்துப் பார்க்க அரை நிமிஷம். மீட்டருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், டேப் குன்னூர் மார்க்கெட்டில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்.

இணை இயக்குநர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சீட்டு ஒரே மாதிரி அச்சாகி எல்லா மருத்துவமனைக்கும் போக வேண்டும். ஒருவர் கட்டம் வைத்து இன்னொருவர் வைக்காவிட்டால் வைத்தவரும் விட்டுவிடுவார். கூடவே ஒரு வரி: ‘கஃப் அழுத்தம், வழியில்’ என்று இரண்டு இடம் காலியாக விடுங்கள். குஞ்சப்பனையிலோ பர்லியாரிலோ வண்டியை இரண்டு நிமிஷம் ஓரம் கட்டி அளந்து எழுதட்டும். ஆம்புலன்ஸ் டிரைவர்களிடம் இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு நிறுத்தச் சொல்கிறார்கள் என்று உறவுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வந்திருக்கிறார்கள்.

மாதிரிச் சீட்டு ஒன்றைப் பேத்தியை வைத்துக் கம்ப்யூட்டரில் அடித்து இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் உயரத்துக்கு நேராக எத்தனை மி.லி. என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அட்டவணை இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் 0.91-ஆல் பெருக்க வேண்டாம். தப்பு இருந்தால் டாக்டர்கள் திருத்திக் கொடுங்கள். சொல்லித்தரக் கூப்பிட்டால் செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் வருவேன், பஸ் காசுகூட வேண்டாம்.

கஃப் மீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது. ரிட்டையர் ஆன மாதம் சொந்தக் காசில் வாங்கியது. உங்களுக்கு வரும்வரை, கோத்தகிரி வழியாக இறங்கும் வண்டி எதுவானாலும் வீட்டு வாசலில் நிறுத்தி வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பி வரும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த வண்டிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்